வடுவுக்கு மார்க் போடாதீர்கள்

சதைச்செடி வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சிக் குழுவினருக்கும், நடுவர்களாக உட்காரப் போகிறவர்களுக்கும்,

வரும் ஜனவரிக் கண்காட்சிக்கான விதித்தாள் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நான்காம் பக்கத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்திருக்கிறீர்கள்: ‘பிறந்த மண் செடிகள்’, அதாவது நர்சரியில் இல்லாமல் காட்டிலேயே வளர்ந்தவை. நூற்றுக்கு 20 மதிப்பெண் ‘இயற்கைத் தழும்பும் முதுமையும்’ என்பதற்கு. சொந்த வேரில் நிற்க வேண்டும், ஒட்டுச்செடி கூடாது. சுழற்கோப்பை இனி இந்தப் பிரிவுக்குத்தான். செடியின் உயரம், தொட்டியின் அகலம், உரிமையாளரின் செல்போன் எண் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறீர்கள். செடி எங்கிருந்து வந்தது என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

எந்தச் செடியை மனத்தில் வைத்து இந்த விதியை எழுதினீர்கள் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போன ஜனவரியில் கோப்பை வாங்கிய, அரபிக் கடலின் அப்தல்கூரித் தீவைச் சேர்ந்த அப்தல்கூரிக் கள்ளி.

அன்றைக்குப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். காலை ஏழேகால் மணிக்கு இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினோரு தண்டு, நெட்டையானது என் இடுப்புக்கு வந்தது. சாம்பல் நிறத்தில், முள்ளும் இல்லாமல் இலையும் இல்லாமல், விபூதி பூசிய மெழுகுவத்திகளைக் கொத்தாக நட்டுவைத்தது போல நின்றது. முந்தின ராத்திரிதான் தொட்டி மாற்றியிருக்கிறார்கள். மேலே பரப்பிய ப்யூமிஸ் கல்லில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மேசைமேல் ஏற்றும்போது தொட்டி சாய்ந்து ஒரு ஓரமாகக் கல் சரிந்தது. சரிந்த இடத்தில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர். ரம்பத்தால் அறுத்து, வெட்டுவாயில் கந்தகப் பொடி பூசியிருந்தது. பொடியின் மஞ்சள் மங்கக்கூட இல்லை. தண்டுகளின் ஒரு பக்கம் முழுக்க மணல் அடித்துத் தேய்ந்து சொரசொரப்பாக இருந்தது, மறுபக்கம் வழவழப்பு. நம் ஊர் மொட்டைமாடியில் எந்தக் காற்று வருஷக்கணக்காக ஒரே திசையிலிருந்து மணலை வாரி அடிக்கிறது?

“எங்கே வாங்கினது?” என்று கேட்டேன். “ஃப்ரெண்டு மூலமா வந்ததுங்க” என்றார் கொண்டுவந்தவர். நான் ரசீதுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். பதினொன்றரைக்கு நீங்கள் கோப்பையைக் கொடுத்தீர்கள்.

அது தீவிலிருந்து நேராகத் தோண்டி வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பழைய சேகரிப்பு ஒன்றிலிருந்து கைமாறி வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி வந்த செடிக்குச் சீட்டு இருக்கும். எந்த ஆண்டு, யார் சேகரித்தது, சேகரிப்பு எண் என்ன, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இந்தப் பொழுதுபோக்கில் நேர்மையானவர்கள் செடியைவிடச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள் என்றுதான் மூன்று முறை உங்களுக்கு எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்குச் செயலாளர் அண்ணன் போனில் பேசினார். “விதியில் இல்லாததை எப்படிம்மா கேட்கிறது?” என்றார். சரி, விதி திருத்தும்போது சேர்ப்பார்கள் என்று காத்திருந்தேன். திருத்திவிட்டீர்கள். வடுவுக்கு இருபது மார்க்.

புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அரபிக் கடலில், ஆப்பிரிக்கக் கொம்பின் முனைக்கு நேர் கிழக்கே சொகோத்ரா தீவுக்கூட்டம் இருக்கிறது. ஏமன் நாட்டுக்குச் சொந்தமானது. சொகோத்ரா, அப்தல்கூரி, சம்ஹா, தர்சா என்று நான்கு தீவுகள். பெரிய தீவைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். குடையைக் கவிழ்த்து வைத்தது போன்ற டிராகன் ரத்த மரம் அங்கேதான். அங்கிருந்து மேற்கே 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கிறது அப்தல்கூரி. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் வெறும் பாறையும் மணலும். குடியிருப்பது சில நூறு மீனவக் குடும்பத்தினர். யூபோர்பியா அப்தல்கூரி என்கிற இந்தக் கள்ளி உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காது. அந்த ஒரு தீவு, அதிலும் மலைச்சரிவில் சில இடங்கள், அவ்வளவுதான்.

1898 கடைசியில் லண்டன், லிவர்பூல் அருங்காட்சியகங்களிலிருந்து போன குழு ஒன்று அதைக் கண்டெடுத்தது. 1903-இல் தாவரவியலாளர் ஐசக் பெய்லி பால்ஃபர் அதற்குப் பெயர் வைத்தார். அப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் யாரும் அதை உயிரோடு பார்த்ததாகத் தகவல் இல்லை. 1967-இல் சதைச்செடி ஆய்வாளர் ஜான் லவ்ரானோஸ் தேடிப்போய் மறுபடி கண்டுபிடித்துத் துண்டுகள் கொண்டுவந்தார். ஐரோப்பா, அமெரிக்கா, தாய்லாந்து என்று இன்றைக்குத் தொட்டிகளில் நிற்கும் பழைய செடிகள் பலவற்றுக்கும் அப்படிப்பட்ட ஒரு சில துண்டுகள்தான் பாட்டி. ஆகவே இந்தச் செடியை வைத்திருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. என் மாடியிலேயே பதினான்கு இருக்கின்றன.

அந்தப் பதினான்கின் கதையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உங்களைக் குற்றம் சொன்னால் அது யோக்கியமாக இருக்காது.

2013-இல், அபுதாபி ஆஸ்பத்திரி வேலையை விட்டுத் திருச்சிக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் கொஞ்சம் பணம், மாடியில் நிறைய வெயில். பெயர் தேவையில்லை, ஒரு விற்பனையாளர் எனக்குப் படம் அனுப்பினார்: ‘ஹாபிடேட் பிளான்ட், ஓன் ரூட், ஒரே ஒரு பீஸ்’. அதாவது, காட்டிலிருந்து சொந்த வேரோடு எடுத்த செடி. விலையைப் பார்த்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் வளையலை அடகு வைத்தேன். அரபு எழுத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வந்தது. ஐந்து தண்டு. அடியில் அறுத்த வேர். வேரின் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை நான் கழுவவில்லை, பிரஷ்ஷால் தட்டி ஒரு மாத்திரை டப்பாவில் எடுத்து வைத்தேன். அப்போது அது எனக்குப் பெருமை. ஒரு தண்டில் கல் உரசிய தழும்பு இருந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தத் தழும்பைத்தான் காட்டினேன்.

ஜூலையில் நட்டேன். அக்டோபர் மழை பிடித்தது. தகரக் கூரைக்கு அடியில்தான் வைத்திருந்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை; ஆனாலும் காற்றில் இருக்கும் ஈரம் போதுமானதாக இருந்தது. அடித்தண்டு முதலில் பழுப்பாகியது, பிறகு விரல் வைத்தால் உள்ளே போனது. ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தவள், இரவு இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டுப் பார்ப்பேன். நவம்பர் பத்தாம் தேதிவாக்கில் நான்கு தண்டு கூழாகிவிட்டது. நாற்பதோ ஐம்பதோ வருஷம் வறண்ட பாறையில் நின்ற செடி, காவிரிக்கரை ஈரத்தில் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

மிச்சமிருந்த ஒரு தண்டின் நுனியைத்தான் காப்பாற்ற முடிந்தது. லால்குடி பக்கம் சித்தப்பா வீட்டு வேலியில் இலைக்கள்ளி உண்டு. அதில் கட்டைவிரல் பருமனுள்ள கிளையைக் கொண்டுவந்து வேர்பிடிக்க வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கண்ணாடி, கையுறை மாட்டிக்கொண்டு, புது பிளேடால் இரண்டையும் சமமாக வெட்டி, பால் நிற்கும்வரை தண்ணீரில் கழுவித் துடைத்து, நடுவில் தெரியும் வளையத்தோடு வளையம் பொருந்த வைத்து, குறுக்கே இரண்டு ரப்பர் பேண்டு. பத்து நாள் நிழல். (பிரசவ வார்டிலும் வேலை பார்த்தவள் நான். கள்ளிப்பால் என்ற சொல்லை நம் ஊரில் லேசாகச் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். சங்கத்தில் இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை.) பதினோராம் நாள் ரப்பர் பேண்டை எடுத்தேன். விழவில்லை. நம் வேலிக்கள்ளியும் அந்தத் தீவுக்கள்ளியும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

இன்று என்னிடம் இருக்கும் பதினான்கும் அந்த ஒரு நுனியின் பிள்ளைகள். அதாவது, என் செடிகளின் தாயும் திருட்டுச் செடிதான். ஏமன் அரசின் அனுமதிச்சீட்டைக் காட்டு என்று யாராவது கேட்டால் என்னிடம் எதுவும் இல்லை. என் பணத்துக்காக ஒருவன் அந்தச் சரிவில் ரம்பத்தோடு ஏறியிருக்கிறான். நுனியைக் காப்பாற்றியதால் அந்தக் கணக்கு சரியாகிவிடாது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வேறொரு காட்டுச்செடியை நான் வாங்கவில்லை. ஆனால் 2014 கண்காட்சியில், காய்ந்துபோன அந்தத் தழும்புத் தண்டின் படத்தை வைத்து நான் பேசிய பேச்சுக்கு நீங்கள் கைதட்டினீர்கள்.

2023 பிப்ரவரியில் சொகோத்ராவுக்குப் போனேன். தங்கை மகள் அபுதாபியில் இருக்கிறாள். அங்கிருந்து அப்போது வாரம் ஒரு விமானம் இருந்தது. அப்தல்கூரிக்குப் போக வழி கிடைக்கவில்லை. பெரிய தீவில் எட்டு நாள் இருந்தோம். இலையே இல்லாமல், யானைக்கால் போல உப்பிய அடிமரத்தோடு, நுனியில் மட்டும் ரோஸ் நிறப் பூவோடு அடீனியங்கள், பாலைவன ரோஜா என்கிறோமே அவை, சரிவு முழுக்க நின்றன. நம் நர்சரிகளில் ‘தாய் சொக்கோ’ (தாய்லாந்து சொக்கோ) என்று விற்பது இது இல்லை என்பது அடீனியக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்; நேரில் பார்த்தால் அந்த வித்தியாசத்தை வாயால் சொல்ல வராது. வெள்ளரிக்காய்க் குடும்பத்தில் மரமாக வளரும் ஒரே இனமும் அங்கேதான் இருக்கிறது. பஞ்சக் காலத்தில் அதை வெட்டி நறுக்கி ஆடுமாட்டுக்குப் போடுவார்களாம். 2015 நவம்பரில் ஒரே வாரத்தில் சபாலா, மெக் என்று இரண்டு புயல் அடித்ததில் வேரோடு சாய்ந்த டிராகன் ரத்த மரங்கள் இன்னும் கிடக்கின்றன. முளைக்கிற கன்றை ஆடு விடுவதில்லை. தலைநகரம் ஹதிபோவுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் கல்சுவர் வைத்துக் கன்றுகளை வளர்க்கிறது. என் முழங்கால் உயரம் வந்த கன்றைக் காட்டி அதன் வயதைச் சொன்னார்கள். அந்த வயதில் எங்கள் வீட்டு மாமரம் இரண்டு தடவை காய்த்து ஓய்ந்திருந்தது.

வண்டி ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டான்: காய், விதை, கல், கிளிஞ்சல் எதையும் பையில் போடாதே. நான் செடி வளர்ப்பவள் என்று தெரிந்ததும் முகம் மாறியது. என் போனில் அப்தல்கூரிக் கள்ளியின் படத்தைக் காட்டினேன், என் மாடியில் எடுத்தது. வெகுநேரம் பார்த்தான். “இது எங்களுடையது” என்றான், அரைகுறை ஆங்கிலத்தில். “உனக்கு எப்படிக் கிடைத்தது?” பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். இந்தக் கடிதத்தை நான் எழுத ஆரம்பித்தது அன்றைக்குத்தான், எழுதி முடிக்க இவ்வளவு நாளாகிவிட்டது.

அந்தத் தீவுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் நேற்று வந்ததல்ல. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, லிமிரிகே என்று அவர்கள் சொன்ன நம் கரைப் பக்கத்திலிருந்து போகும் கப்பல்கள் அந்தத் தீவில் ஒதுங்கி, அரிசியும் துணியும் விற்றதைச் சொல்கிறது. அந்தத் தீவின் ஹோக் குகைச் சுவர்களில் இந்திய மாலுமிகள் பிராமி எழுத்தில் கிறுக்கிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. சுளுக்குக்கு என் அப்பாயி அரைத்துச் சூடாக்கிப் பற்றுப் போட்ட கரியபோளம் காய்ந்த கற்றாழைச் சாறுதான். அந்தச் சாறுக்கு உலகச் சந்தையில் பேர்போன ஊர் சொகோத்ரா. வாங்கினோம், விற்றோம், வந்துவிட்டோம். அந்தக் கற்றாழையை மடலாக வெட்டிச் சாறு எடுத்தால் செடி மறுபடி தழைக்கும். கள்ளியை வேரோடு அறுத்தால்?

சட்டத்துக்கு வருகிறேன். சதைப்பற்றுள்ள யூபோர்பியாக்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. இந்தியா 1976 முதல் அதில் உறுப்பு நாடு, ஏமன் 1997 முதல். காட்டிலிருந்து எடுத்த செடி நாடு தாண்ட வேண்டுமானால், எடுத்ததால் அந்த இனத்துக்குக் கேடில்லை என்று அங்குள்ள அதிகாரம் சொல்லி, ஏற்றுமதி அனுமதி தர வேண்டும். நாற்றங்காலில் பெருக்கிய செடிக்கும் தாள் உண்டு. கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் இனங்களுக்கென்றே நான்காம் அட்டவணை அதில் சேர்ந்தது. இது போக, வெளிநாட்டுச் செடி எதுவானாலும் தாவர நோய்த்தடுப்பு அனுமதி வேண்டும் என்பது 2003 ஆணையிலிருந்தே உள்ளது. பூச்சி மருந்து மணக்கும் பெட்டியில் ‘பிளாஸ்டிக் பொம்மை’ என்று எழுதி வரும் செடிக்கு இதில் எது இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

“எல்லாத்தையும் சட்டம்னு பார்த்தா பொழுதுபோக்கே இல்லைம்மா” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் பொதுக்குழுவில் சிரித்தார். பொழுதுபோக்கு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கலிபோர்னியாக் கடலோரப் பாறைகளிலிருந்து 3,700-க்கும் மேற்பட்ட டட்லியா என்ற சதைச்செடிகளைப் பிடுங்கிய கொரியாக்காரருக்கு 2022-இல் அமெரிக்க நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறை விதித்தது. இடையில் தப்பிப்போனவர் தென்னாப்பிரிக்காவிலும் கோனோபைட்டம் என்ற குட்டிச் சதைச்செடிகளைப் பிடுங்கிப் பிடிபட்டவர். 2020-இல் இத்தாலியில் ஒரு வீட்டில் சிலி நாட்டுக் கள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் சிக்கின. பிழைத்தவற்றில் பெரும்பகுதியை மறு ஆண்டு சிலி நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்தச் செடிகளை வாங்கியவர்கள் யாரும் ரவுடிகள் அல்ல. நம்மைப் போல ஜன்னலோரத்தில் தொட்டி வைத்து, மாலை வந்ததும் செடிக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள்.

அப்தல்கூரி இதுவரை ஓரளவாவது தப்பித்ததற்குக் காரணம் தூரம் ஒன்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் படகு ஓட்ட முடியாது. மற்ற மாதங்களிலும் போக்குவரத்து என்று பெரிதாக இல்லை. அந்தத் தூரமும் குறைந்துகொண்டிருக்கிறது. 2025 தொடக்கத்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்தி நிறுவனங்கள் எழுதின: தீவில் புதிதாக ஒரு விமான ஓடுபாதை ஏறத்தாழ முடிந்துவிட்டது. யார் எதற்காகப் போடுகிறார்கள் என்பது பெரிய இடத்து விவகாரம். என் கவலை சின்னது. ரம்பம் போகிற விமானத்தில் செடி திரும்பி வரும்.

“அங்கே இருந்தால் ஆடு மேயும், புயலில் போகும், இங்கே நாம் காப்பாற்றுகிறோம்” என்பது நம் ஆட்கள் எப்போதும் சொல்வது. நானும் சொன்னவள்தான். காப்பாற்றுகிறோம் என்றால் கணக்கு வைத்திருக்க வேண்டாமா? கடந்த பத்து வருஷத்தில் நம் உறுப்பினர்கள் வாங்கிய காட்டுச்செடி எத்தனை, அதில் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டியது எத்தனை? ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். என் கணக்கு: வாங்கியது ஒன்று, செத்தது ஒன்று. மிச்சம் ஒரு நுனி.

“நாம் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்குவார்கள்” என்பது அடுத்தது. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் இதையே சொல்லிக்கொண்டு வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதுதான்.

தூரத்துத் தீவுக்காக ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. நம் கரட்டுக்காட்டில் கள்ளிமுளையான் தெரியும்தானே, பசித்த மேய்ச்சல்காரர்கள் ஒடித்துத் தின்னும் அந்தச் சதைக்குச்சி. உடம்பு இளைக்க மாத்திரை செய்கிறோம் என்று அதையும் காட்டிலிருந்து மூட்டை கட்டினார்கள். சின்ன வயதில் சித்தப்பா ஊர்க் கரட்டில் நான் பிடுங்கித் தின்ற இடத்தில் போன கோடையில் தேடினேன். மூன்று மணி நேரத்தில் ஒரு குத்துதான் கண்ணில் பட்டது. நாளைக்கு வேறொரு நாட்டுச் சங்கம் அதற்கு ‘இயற்கைத் தழும்பு’ பிரிவு வைத்தால் நீங்களே எனக்கு முன்னால் கொதிப்பீர்கள்.

சண்டைக்காக எழுதவில்லை, கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறேன்.

முதலில் அந்த நான்காம் பக்கத்தை எடுங்கள். வடுவுக்கும் முதுமைக்கும் மார்க் வேண்டாம். சைட்டிஸ் பட்டியலில் உள்ள செடி என்றால் அது வந்த வழிக்கான தாள் இருந்தால்தான் மேசை ஏற வேண்டும்: நர்சரி ரசீது, சேகரிப்பு எண், இறக்குமதி அனுமதி, எதுவோ ஒன்று. தாள் இல்லாத பழைய செடிகள் பலரிடமும் உண்டு. அவற்றை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. ‘வந்த வழி தெரியாது’ என்று பலகையில் எழுதி, போட்டிக்கு வெளியே வைக்கட்டும். என் பதினான்கும் அந்த வரிசையில்தான் நிற்கும்.

போன ஜனவரிக் கோப்பை பற்றி: உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தாள் இருந்தால் அவரிடம் எல்லார் முன்னிலையிலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால் கோப்பையைத் திரும்ப வாங்குங்கள். செடியைப் பிடுங்கச் சொல்லவில்லை, அதற்கு இனி நகர்வே ஆகாது.

சங்கத்தின் பெயரில் போகும் கூட்டு ஆர்டர்களில் ‘ஹாபிடேட்’, ‘வைல்ட்’, ‘ஒரிஜினல் ரூட்’ என்று எழுதும் விற்பனையாளர்களோடு இனி வியாபாரம் இல்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள். வரும் மார்ச்சுக்காக இப்போது சுற்றில் இருக்கும் பட்டியலில் பதினேழாவது வரியை முதலில் அடியுங்கள். எதைச் சொல்கிறேன் என்று பொருளாளருக்குத் தெரியும்.

எடுத்த பிரிவுக்குப் பதிலாக ஒட்டுக்கட்டுவோருக்கு ஒரு பிரிவு வையுங்கள். ஒட்டுச்செடி என்றால் ஏதோ இரண்டாம் தாரம் போலப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேலி இலைக்கள்ளியில் உலகத்தின் அரிய கள்ளியைப் பிழைக்க வைப்பதைவிடப் பெரிய கைத்திறன் என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒன்று ஒதுக்கினால் கண்ணாடி, கையுறை, பிளேடு, வேர்ச்செடி எல்லாம் நானே கொண்டுவந்து சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம். என் செடிகளில் கிளைக்கும் நுனிகளை உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தருகிறேன், ஒரே நிபந்தனை: அவை எந்தத் தாயிலிருந்து வந்தன, அந்தத் தாய் எப்படி வந்தாள் என்பதைச் சீட்டில் அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

2014-இல் அந்தப் பேச்சுக்காகக் கொடுத்த கேடயத்தை இந்தக் கடிதத்தோடு சங்க அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். டிசம்பர் 10 பதிவு தொடங்கும் நாள். அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இந்த வருஷம் பதிவு மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கிழித்துக் கொடுக்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து, சங்கத்தின் பன்னிரண்டு வருஷ உறுப்பினர் ஒருத்தி